தேதி போன பிலிம், தேதி தாண்டிய பிள்ளை

பி.டி. டீச்சருக்குப் பிரசவத்துக்கென்று டாக்டரம்மா சொன்ன தேதி தாண்டி மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தபோதுதான், கோளாறு வயிற்றில் இல்லை, கட்டில் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபிரீசரில் இருக்கிறது என்று தெரியவந்தது. அதுவரை ஜனங்கள் சொல்லாத காரணம் இல்லை. இரட்டைப் பிள்ளை என்றார்கள், வெறும் வாயு என்றார்கள், தேதியைக் கணக்குப் போட்டதே தப்பு என்றார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், "உள்ளேயே டிகிரி முடிச்சுட்டுத்தான் வரும்போல" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? டீச்சர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்வதற்கு ஓரிடத்தில் நின்றால்தானே! கல்யாணத்துக்கு முன்பே காலில் சக்கரம் கட்டியவள் என்று பெயர் வாங்கியவள். இப்போது நிறைமாத வயிற்றோடு வருடக்கணக்கில் இருப்புக் கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். மைதானத்தைச் சுற்றினாள், மாடிப்படி ஏறி இறங்கினாள், வீட்டுக்குள் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து தரையில் வழுவழுவென்று ஒரு தடமே விழுந்துவிட்டது.

புருஷன் போட்டோ ஸ்டுடியோக்காரன். நல்லவன்தான். ஆனால் எதையும் பத்திரமாக எடுத்து வைப்பான், வைத்ததைத் திரும்ப எடுக்கவே மாட்டான். யாரோ கொடுத்த புதுச் சட்டை பீரோவுக்குள்ளேயே பழசாகி மடிப்பில் கிழிந்தது. நல்ல பேனா மை காய்ந்து செத்தது. டீச்சருக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, பிலிம் மொத்த வியாபாரி ஒருவர் கிடங்கை மூடினார். அட்டையைக்கூடப் பிரிக்காத கறுப்பு வெள்ளை பிலிம் ரோல்கள் மலைபோலக் கிடந்தன. மேலே அச்சடித்த தேதி எல்லாவற்றிலும் எப்போதோ முடிந்திருந்தது. "குப்பைக்குத்தான் போகுது, வேணும்னா தூக்கிட்டுப் போ" என்று அவர் சொன்னதுதான் தாமதம், இவன் வண்டி பிடித்து அத்தனையையும் ஏற்றிவிட்டான். மூடிப்போன பேக்கரி ஒன்றிலிருந்து, மேலே கண்ணாடி தள்ளித் திறக்கும் ஐஸ்கிரீம் ஃபிரீசர் ஒன்றையும் கொண்டுவந்தான். அது இழுக்கிற கரண்டைத் தாங்குகிற பிளக் படுக்கையறையில் மட்டும்தான் இருந்தது. டீச்சர் படுக்கும் பக்கம் கட்டிலை ஒட்டி அதை நிறுத்தினான். "தேதி போச்சுன்னா உயிரே போச்சுன்னு அர்த்தமில்ல டீச்சர். குளிர்ல வச்சுட்டா அது அப்படியே நிக்கும்" என்றான். ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட்டதால் அவனும் அப்படியே கூப்பிட்டான். "சரி, எப்ப எடுக்கப்போறீங்க இதுல?" என்று அவள் கேட்டாள். "நல்ல படம் ஒண்ணு அமையட்டும்" என்றான்.

அப்போதிலிருந்து அந்த அறையில் வைத்தது வைத்தபடி நின்றது. நறுக்கி வைத்த ஆப்பிள் வாரம் ஆனாலும் கறுக்கவில்லை. தட்டு மூடாத பால் திரியவில்லை. சுவர்க் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடியது, ஆனால் அதன் பேட்டரி மட்டும் தீரவே இல்லை. ஸ்டுடியோக்காரன் ஒருக்களித்துப் படுப்பவன். ஃபிரீசரைப் பார்த்திருந்த கன்னத்தில் தாடி வளர்வது நின்றுபோய், தலையணையில் புதைந்திருந்த கன்னத்தை மட்டும் சவரம் செய்யவேண்டி வந்தது. பிளேடு பாதி மிச்சம் என்று அந்த மனுஷன் சந்தோஷப்பட்டான். டீச்சரின் நகம் வளரவில்லை, முடி உதிரவில்லை. பிள்ளையும் வரவில்லை.

சொன்ன தேதி வந்தது, போனது. பிரசவ விடுமுறை முடிந்தது. வேறு வழியில்லாமல் அவள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வயிற்றோடு மைதானத்துக்குத் திரும்பினாள். அவள் ஓடக் கற்றுக்கொடுத்த பெண்கள் உயரமாகி, பள்ளி முடித்து, ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து "இன்னுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். டாக்டரம்மா மாதாமாதம் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டாள். ஒரு துடிப்பு கேட்கும். பிறகு டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்ட பிறகு அடுத்தது கேட்கும். "இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஆனா அவசரமே இல்ல அதுக்கு" என்பாள். இரண்டு முறை ஆபரேஷனுக்கு நாள் வைத்தார்கள். இரண்டு முறையும் கத்தி, ஐஸ்கட்டியில் வைத்த ஸ்பூன் மாதிரி வயிற்றுத் தோலில் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு டாக்டரம்மா கத்தியைப் பற்றிப் பேசவில்லை. எப்போதாவது ஒரு நாள், தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பதுபோல, உள்ளே ஒரு மெதுவான அசைவு வரும். அந்த ஓர் அசைவை நம்பித்தான் டீச்சர் அடுத்த மாதம் முழுக்க நடந்தாள். வயிறு அவளுக்குச் சுமையாக இல்லை. அதற்குள் இருப்பது தன்னை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறதோ என்கிற பயம்தான் சுமையாக இருந்தது.

மூன்றாவது வருடம், தெருவுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிற்று. மறுநாளும் கரண்ட் வரவில்லை. ஃபிரீசர் அடியில் நீர் கசியத் தொடங்கியதும் ஸ்டுடியோக்காரன் ஐஸ் தேடி ஊரெல்லாம் பறந்தான். அவன் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் டீச்சருக்கு இடுப்பில் வலி பிடித்தது. சாதாரண வலி இல்லை, அசல் பிரசவ வலி. பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு கிட்ட வந்த நேரத்தில், விளக்கை அணைத்ததுபோல வலி நின்றுவிட்டது. சாயங்காலம் வரை காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் ஃபிரீசர் உறுமிக்கொண்டிருந்தது. கரண்ட் எப்போது வந்தது என்று கேட்டாள். வலி நின்ற அதே நேரம்தான். டீச்சர் புருஷன் முகத்தை உற்றுப் பார்த்தாள். மூன்று வருடமாக மொழுமொழுவென்றிருந்த அவனுடைய ஃபிரீசர் பக்கத்துக் கன்னத்தில், லேசாக, முதன்முறையாக, தாடி அரும்பியிருந்தது.

அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. "ஏங்க, இந்தப் பெட்டிதாங்க! எம் பிள்ளைய இதுதான் புடிச்சு வச்சிருக்கு" என்று பிளக்கைப் பிடுங்கப் போனாள். அவன் சட்டென்று குறுக்கே கை வைத்தான்.

"பொறு டீச்சர், உள்ள அவ்வளவு பிலிம் இருக்கு."

"பிள்ளை வேணுமா, பிலிம் வேணுமா?"

"ஐயோ, என்ன கேள்வி இது! பிள்ளைதான்" என்றான். ஆனால் பிளக்கின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது, இந்த ஆளோடு இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தோமே என்று. பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நடந்தே போனாள்.

அக்கா வீட்டு மாடியறை நல்ல வெக்கை. பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிற சில மணி நேரத்தில் ஆகாதது, இரண்டு நாள் அங்கேயே தங்கியதில் ஆகிவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் அவள் வயிறு வேர்க்கத் தொடங்கியது. நெற்றியில் இல்லை, கழுத்தில் இல்லை, வயிற்றில் மட்டும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்த பாட்டிலைப்போலப் பொட்டுப்பொட்டாக நீர் கோத்து வழிந்தது. அக்கா துண்டால் துடைத்தாள், பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். "என்னடி இது, குடம் கவுந்த மாதிரி கொட்டுது!" என்று அலறி, டாக்டரம்மாவை வரவழைத்தாள். டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டபோது துடிப்பு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல மங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிக் கேட்டது. டீச்சர் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக நடக்க முடியாமல் உட்கார்ந்தாள். சேதி கேட்டு ஸ்டுடியோக்காரன் செருப்புப் போடாமல் ஓடிவந்தான். வயிற்றில் உள்ளங்கையை வைத்தான். வைத்தவுடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. குளிரிலிருந்து எடுத்த ரோலை ஆறப்போடாமல் வெக்கையில் பிரித்தால் உள்ளே நீர் கோத்து, சுருளோடு சுருள் ஒட்டி, எல்லாம் பாழாகும். கத்துக்குட்டிகூடச் செய்யக்கூடாத தப்பு அது. "போர்த்துங்க! காத்துப் படாம மூடுங்க!" என்று கத்தினான். கம்பளியில் சுற்றி அவளை ஃபிரீசர் பக்கத்திலேயே கொண்டுவந்து கிடத்தினார்கள். இருட்டுவதற்குள் வயிறு காய்ந்தது. துடிப்பு பழைய நிதானத்துக்குத் திரும்பியது.

அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லாம் என்னால்தான், நான்தான் பாவி என்று தலையில் அடித்துக்கொண்டான். டாக்டரம்மா காரியத்தில் கண்ணாக இருப்பவள். "அழுகைய அப்புறம் வச்சுக்குங்க. உங்க பிலிம எப்படி வெளிய எடுப்பீங்க? அதச் சொல்லுங்க முதல்ல" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் சொன்னான். அட்டையைப் பிரிக்கக்கூடாது, கடுங்குளிரிலிருந்து இளங்குளிருக்கு, இளங்குளிரிலிருந்து அறைச் சூட்டுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவர வேண்டும். "அப்ப இதையும் அப்படித்தான் எடுக்கணும். எனக்கு வேற வழி தெரியல" என்றாள் டாக்டரம்மா. ஃபிரீசரின் பின்பக்கத்துத் திருகை மாதத்துக்கு ஒரு புள்ளி குறைப்பது, அறை ஜன்னலைத் திறப்பதில்லை, ராத்தங்கல் வேறெங்கும் கூடாது என்று முடிவாயிற்று. "ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியாடி" என்று அக்கா தேற்றினாள். "ஆறித்தானேக்கா கெடக்கு, சூடேறணும்" என்றாள் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

திருகைக் குறைத்தவுடன் இன்னொரு வேலை தலைமேல் விழுந்தது. குளிர் விட்ட ரோலை வைத்திருக்க முடியாது. இத்தனை நாள் தள்ளிப்போட்ட வயசெல்லாம் அதன்மேல் ஒரேயடியாக வந்து இறங்கும். உடனே எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் குப்பை. ஆயிரம் தடவை யோசித்து ஒரு தடவை கேமராவை அமுக்குகிற மனுஷன், இப்போது காலையில் எழுந்ததிலிருந்து வெளிச்சம் இறங்கும்வரை அமுக்கிக்கொண்டே அலைய வேண்டியதாயிற்று. நல்ல படத்துக்கு எங்கே போவான்? பஸ் ஸ்டாப்பை எடுத்தான், சாக்கடை மூடியை எடுத்தான், கொட்டாவி விடும் நாயை எடுத்தான், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் போர்வையை எடுத்தான். டீச்சரும் கூடவே நடந்தாள். கம்பளியை வயிற்றில் சுற்றிக்கொண்டு, ரோல்கள் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இந்தக் கதவ எடுங்க, அந்தக் கிழவர எடுங்க, என்ன யோசனை, அமுக்குங்க" என்று விரட்டினாள். ஜனங்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பிளக்கை மறைத்த அந்தக் கையை அவளால் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் கை ஓயாமல் வேலை செய்வதைப் பார்க்க ஏதோ ஓர் ஆறுதல் இருந்தது.

ஆனால் கழுவியெடுத்த நெகட்டிவெல்லாம் வெறும் கண்ணாடி மாதிரி வெளிறிக் கிடந்தன. காகிதத்தில் போட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆட்கள் ஆவிபோலத் தெரிந்தார்கள், நாயைக் காணவே காணோம். ஸ்டுடியோக்காரன் மருந்தைக் குறை சொன்னான், கேமராவைக் குறை சொன்னான், தண்ணீரைக் குறை சொன்னான். பிலிமை மட்டும் சொல்லமாட்டான். குளிரில் வைத்த பிலிம் புதுசுக்குச் சமம், புதுசுக்கு எவ்வளவு வெளிச்சமோ அதே போதும் என்பது அவன் கொள்கை. பிடித்த முயலுக்கு மூன்றே கால். டீச்சர் ஒரு நெகட்டிவை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். "இதுக்கு வெளிச்சம் பத்தலங்க" என்றாள். வெளிச்சம் அளக்கிற மீட்டர் காட்டுகிற அளவுதான் வைக்கிறேன் என்றான் அவன். "மீட்டருக்கு இதோட வயசு தெரியுமா?" என்று கேட்டாள். மறுநாள் அவன் வேறு பக்கம் திரும்பியிருந்தபோது, அவன் தினமும் திருகுவதைப் பார்த்துப் பழகிய கையால், இரண்டு மடங்கு வெளிச்சம் போகும்படி கேமரா வளையத்தைத் திருப்பிவிட்டாள். பிறகு நாலு மடங்கு. அந்த ரோலில் நாய் வந்தது. கிழவர் சுருக்கங்களோடு வந்தார். ஸ்டுடியோக்காரன் ஈரப் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், "அப்ப குளிர் முழுசா நிறுத்தல" என்றான். முக்கால்வாசியைத்தான் நிறுத்தியிருக்கிறது, மீதி உள்ளுக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் என் பிள்ளைக்கு உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குள் விழுந்த தடம் இன்னும் ஆழமாயிற்று.

நாலாவது வருடம் திருகு கடைசிப் புள்ளிக்கு வந்தது. ஃபிரீசரில் மிச்சமிருந்த ஒரே ரோலையும் தெருமுனைத் தண்ணீர்க் குழாயை எடுத்து முடித்தான். பிளக்கை அவனே பிடுங்கினான், அவளைக் கூப்பிட்டு அவள் கண்ணெதிரே பிடுங்கினான். மறுநாள் விடியும்போது வலி வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. வெயில் ஏறுகிற நேரத்துக்கு டாக்டரம்மா, "பொண்ணு" என்றாள். நர்ஸ் டாக்டரம்மாவின் கையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். கையில் கனம் இருந்தது, சூடு இருந்தது, எறும்பு முனகுவதுபோல ஓர் அழுகைகூட இருந்தது. பிள்ளைதான் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. கொதிக்கிற தண்ணீரின் ஆவிக்குக் கை கால் முளைத்ததுபோல வெளிறிய சாம்பலாக ஏதோ அசைந்தது. அதன் முதுகு வழியாக டாக்டரம்மாவின் கையுறை தெரிந்தது. அழுகை வேறு குறைந்துகொண்டே வந்தது.

டீச்சர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வெளிச்சம் பத்தல! வெளிச்சம் போடுங்க எம் பிள்ளைக்கு!" என்று அவள் போட்ட சத்தம் மைதானத்தின் மறுகோடிக்கே கேட்டிருக்கும். நர்ஸ் ஜன்னல் திரைகளை விலக்கினாள். பெரிய விளக்கைத் தாழ இறக்கினார்கள். ஸ்டுடியோக்காரன் தெருவில் ஓடி, ஸ்டுடியோ விளக்குகளை ஒயரோடு இழுத்துக்கொண்டு வந்து மாட்டினான். மாட்டிவிட்டு, பழக்க தோஷம், மீட்டரை எடுத்துப் பிள்ளைமேல் நீட்டினான். "பொறு, எவ்வளவுன்னு பாத்துக்கறேன், கூடிப்போனா வெளுத்துடும்..." டீச்சர் அந்த மீட்டரைத் தட்டிவிட்டாள். "நாலு வருஷங்க! அளந்து குடுக்காதீங்க, இருக்கறதெல்லாம் கொட்டுங்க!" அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு கொட்டினான். வெளிச்சத்தை எப்படித் திருப்புவது என்பதில் அந்த மனுஷனை மிஞ்ச ஆள் கிடையாது. வராந்தாவில் இருந்த ஆயாக்களையும் நோயாளிகளின் சொந்தக்காரர்களையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு ஸ்டீல் தட்டைக் கையில் கொடுத்து, ஜன்னல் வெயிலைப் பிடித்து உள்ளே அடிக்கச் சொன்னான். யாரோ முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அறைக்குள் கண் திறக்க முடியவில்லை. எல்லோருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவில் முதலில் தலைமுடி வந்தது. பிறகு இமைகளின் கோடு, அப்புறம் மூக்கின் நிழல், மூடியிருந்த விரல்கள், ஒவ்வொரு விரலிலும் ஒரு நகம். கடைசியாக வாய் தெரிந்தது. அந்த வாய் திறந்து, நாலு வருடத்துக் கோபத்தையும் சேர்த்து வீரிட்டது. டீச்சர் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதைவிடச் சத்தமாக அழுதாள்.

"ஒரு படம் எடுப்பா" என்று யாரோ சொன்னார்கள். ஸ்டுடியோக்காரன் சட்டைப் பையைத் தடவினான், பையைக் கவிழ்த்தான். ஒரு ரோல்கூட மிச்சமில்லை. எல்லாம் சாக்கடை மூடியிலும் தண்ணீர்க் குழாயிலும் தீர்ந்திருந்தது. "போகட்டும்" என்று சொல்லிவிட்டு, விளக்கைக் கொஞ்சம் கிட்டத் தள்ளிப் பிடித்தான். டீச்சர் அவனுக்காகச் சற்று நகர்ந்து, கட்டிலில் உட்கார இடம் விட்டாள்.

பெண் நன்றாக வளர்ந்தாள். மற்ற பிள்ளைகளைவிட நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் ஓரத்து பெஞ்சு அவளுக்கென்று விடப்பட்டது. மேகம் மூடி அவள் கண்ணுக்குத் தெரியாமல் மங்கினால் பக்கத்துப் பெண், "மிஸ், இவ இருக்கா" என்று கை தூக்கிச் சொல்லிவிடுவாள். ஒரு குறை உண்டென்றால், எதற்கும் காத்திருக்கமாட்டாள். வரிசையில் நிற்கமாட்டாள், பால் ஆறும்வரை பொறுக்கமாட்டாள், கண்ணாமூச்சியில் பத்து எண்ணுவதற்குள் ஓடிவந்துவிடுவாள். டீச்சர் அதற்கு ஒரு நாளும் திட்டியதில்லை. இருக்கிற பொறுமையை எல்லாம் அவள் உள்ளே இருந்தபோதே செலவழித்துவிட்டாள், இனி எங்கே போவாள் என்பாள். பொழுது சாயும் நேரத்தில் பெண் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவாள். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு வாசல் விளக்கைப் போடுவார்கள். யாரும் சொல்லி அல்ல, கொதிக்கிற பாலுக்கு அடுப்பைத் தணிக்கிற மாதிரிப் பழக்கம். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு நாள் வாசலில் நின்று, திகைத்துப்போய், "யாரோ ஓடற சத்தம் கேக்குது, ஆளக் காணோமே?" என்றார். வாசல்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த டீச்சர், "எம் பொண்ணுதாங்க. லைட்டப் போடுங்க, தெரிவா" என்றாள். அவர் உள்ளே போய்ப் போட்டார்.